மூலை திரும்புமுன் ஒரு செருமல்

தண்ணீர்த் தொட்டி மூலையைத் திரும்புவதற்கு முன்னால் நான் ஒருமுறை செருமுவேன். நாற்பது வருஷப் பழக்கம். தொண்டையில் சளியும் கிடையாது, கரகரப்பும் கிடையாது. மூலைக்கு அந்தப் பக்கம், தோட்டத்து லயன் வரிசையில் என் தம்பி வீட்டுப் பின்வாசல். அங்கே ஒரு கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் வாளி, அதன் மேல் அவன். அவன் கையில் சிகரெட். நான் செருமினால் அவன் அணைக்க வேண்டும். அணைத்ததும் நான் வர வேண்டும். இருவரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு மாதிரி இருக்கிறதல்லவா? இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பா போனபோது எனக்குப் பதினேழு, அவனுக்கு ஒன்பது. நான் அந்த மாதமே தேயிலை பெக்டரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, அம்மைக்கு வேப்பிலை கட்டியது, லோரி லைசென்சுக்குக் கையெழுத்துப் போட்டது, பெண் பார்க்கப் போனது எல்லாம் நான். அதனால் நான் அண்ணன் பாதி, அப்பா பாதி. எங்கள் தோட்டத்தில் அப்பா முன்னால் யாரும் சிகரெட் பிடிக்க மாட்டார்கள். பேரன் எடுத்தவர்கூட அண்ணன் வருகிறார் என்றால் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோவார். புகை அவர் தலைக்கு மேலே மூடுபனியோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கும். அண்ணனும் பனியைப் பார்த்த மாதிரியே பார்ப்பார். அதுதான் மரியாதை.

அவன் கொழுந்து லோரி ஓட்டினான். மலைச்சரிவில் வெட்டிய கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி பெக்டரிக்குக் கொண்டுவருவான். நான் உள்ளே கொழுந்தை வாட்டும் தொட்டிப் பக்கம் நிற்பேன். அவன் மூட்டையை இறக்கும்போதே அன்றைக்கு எத்தனை பிடித்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். பச்சைக் கொழுந்து வாசனைக்கு நடுவே சிகரெட் வாசனை மறையாது. அவன் வாயில் புதினா மிட்டாயை அதக்கிக்கொண்டு, "வெயில் கொளுத்துதுண்ணே" என்பான். கேமரன் மலைக் குளிரில், சுவெட்டர் போட்டுக்கொண்டு!

தானா ராத்தா டவுனில் நாங்கள் சாமான் வாங்கும் கடைக்காரப் பாய்க்கும் இதில் பங்கு உண்டு. நாங்கள் இருவரும் சேர்ந்து போனால் அவர் தம்பியைப் பார்த்து, "ரொட்டி வேணுமா?" என்பார். தம்பி தலையாட்டுவான். ரொட்டிப் பையின் அடியில் பாக்கெட் போய்விடும். ஒருநாள் தம்பி லோரியில் ஏறியபின் பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்க தம்பிக்கு உங்க மேல இருக்கிற பயத்துல பாதி ஆண்டவன் மேல இருந்தா, அவருக்கு இந்நேரம் சொர்க்கத்துல வீடே கட்டியிருப்பாங்கண்ணே." மனிதர்கள் போகிறபோக்கில் சொல்வதையெல்லாம் நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி மனசில் எழுதி வைத்துக்கொள்வேன். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுதானே மேல்படிப்பு.

வருஷத்தில் நாற்பத்தெட்டு நாள் அவன் தொடமாட்டான். தைப்பூச விரதம். அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். லோரி ஹாரன்கூட அதிகக் கோபமாகக் கேட்கும். காவடி இறக்கி வைத்த மறுநாள் சாயங்காலம் நான் மூலையில் செருமுவேன். அந்தப் பக்கம் வாளி நகரும் சத்தம் கேட்கும். சரி, விரதம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படியே போயிருக்கும். அவனோடு இருபது வருஷம் லோரி ஓட்டிய ஒருவர் முதுகு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். நுரையீரலில் ஆரம்பித்த கான்சர் முதுகெலும்பு வரை வந்துவிட்டது என்றார்கள். இரண்டே மாதம். அதுவரை அவர் ஒருநாள்கூட இருமி நாங்கள் கேட்டதில்லை. எடுக்கும் அன்று பெட்டிக்குப் பக்கத்தில் என் தம்பி நின்றான். கொஞ்ச நேரத்தில் காணோம். வீட்டுக்குப் பின்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. ஒரு குச்சி பற்றவில்லை. இன்னொன்று. நான் அந்தப் பக்கம் போகவில்லை. செருமவும் இல்லை.

அதற்கு அடுத்த மாதம் கீழே இருந்து சில டாக்டர்கள் எங்கள் தோட்டத்து மண்டபத்துக்கு வந்து இலவசமாகப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. ரத்த அழுத்தம், சர்க்கரை, அப்புறம் மேசை போட்டு ஒரு படிவம். மேசைக்குப் பின்னால் சின்ன வயசு டாக்டரம்மா, நம் தமிழ்ப் பெண். தம்பிக்குப் படிக்கிற கண்ணாடி கொண்டுவர மறந்துபோச்சு, அதனால் நானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

"அங்கிள், ஸ்மோக் பண்ணுவீங்களா? முன்னாடி பண்ணியிருக்கீங்களா?"

அவன் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தான்.

"அந்தப் பழக்கமெல்லாம் இல்லம்மா."

அவள் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். "ரொம்ப நல்லது அங்கிள்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல்.

வெளியே மரத்தடியில் மீஹூன் சேமியா வறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தட்டை வாங்கிக்கொண்டு லோரிக்காரர்கள் பக்கம் போனான். தம்பி மனைவி என்னிடம் வந்தாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் திருப்பிச் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்கமாட்டாள்.

"மாமா, அவருக்கு லெட்டர் குடுத்தாங்களா?"

"என்ன லெட்டர்?"

"ஈப்போவுல போய் நெஞ்சுக்குப் படம் எடுக்கிறதுக்கு. ரொம்ப வருஷமா சிகரெட் குடிச்சவங்களுக்குக் குடுக்கிறாங்க. எங்க பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டாங்களே."

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் சிரித்துவிட்டாள். அப்புறம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை மூடினாளா, வேறு எதையாவது மூடினாளா தெரியவில்லை.

"உங்கள பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுக் கேட்டா அவரு வேற என்ன மாமா சொல்வாரு? நாலு பிள்ளைக்கு அப்பாதான். உங்க முன்னாடி இன்னும் ஒம்போது வயசுதான் அவருக்கு." கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் அவரு கூட்டாளி வீட்டுல அந்த அக்கா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்கல்ல, அப்ப என் காதுல ஒண்ணு சொன்னாங்க. 'உன் வீட்டுக்காரர முன்கூட்டியே பாரு'ன்னாங்க. நான் எப்படிப் பாக்கிறது மாமா? நான் சொன்னா கேக்கிற ஆளா?"

மீஹூன் தட்டைக் கையில் வைத்தபடியே நின்றேன். நான் தெரிந்தும் தெரியாதவனாக இருப்பது அவனுக்கு நான் கொடுக்கும் மரியாதை. அவன் என்னிடம் மறைப்பது அவன் எனக்குக் கொடுக்கும் மரியாதை. இருவரும் மாற்றி மாற்றி மரியாதை கொடுத்துக்கொண்டதில் அவன் நெஞ்சைப் பார்க்க ஆளில்லாமல் போய்விட்டது. அவன் கௌரவத்தை நாலு பேர் முன்னால் உடைத்தால் தாங்குவானா என்று ஒரு பக்கம் யோசனை. இன்னொரு பக்கம் அந்தத் தீக்குச்சிச் சத்தம்.

தட்டை வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"வா, உள்ள போலாம்."

"எதுக்குண்ணே? எல்லாம் முடிஞ்சிருச்சேலா."

"முடியல."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு கேள்விக்குத் தப்பா பதில் சொல்லிட்டோம்மா," என்றேன். "மறுபடி எழுதணும். சிகரெட் கேள்வி."

தம்பியின் காது சிவந்தது. அவன் நிறத்துக்கு அது சிவப்பது அபூர்வம்.

"பதினாறு வயசுலேர்ந்து பிடிக்கிறான். நாப்பத்தோரு வருஷம். முதல்ல ஒரு நாளைக்குப் பத்து. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு பாக்கெட்டு."

"கல்யாணத்து மேல பழி போடாதீங்க மாமா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவளும் வந்து நின்றிருக்கிறாள்.

"லோரி ரிப்பேர் ஆனா இருபத்தஞ்சு. மழைக்காலத்துல ரோடு சரிஞ்சு வண்டி மாட்டிக்கிட்டா அதுக்கும் மேல. தைப்பூசத்துக்கு நாப்பத்தெட்டு நாள் தொடமாட்டான். அதை மட்டும் கழிச்சுக்கங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. "அங்கிள், இவர் பிடிக்கிறத நீங்க இவ்வளவு கவனமா பாத்திருக்கீங்களா?"

"ஒரு நாளும் பாத்ததில்லம்மா. பாத்திருந்தா இவன் உங்ககிட்ட முதல்லயே உண்மையச் சொல்லியிருப்பான்."

அந்தப் பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் பழைய கோட்டை அடித்துவிட்டு வேறு கட்டத்தில் எழுதினாள்.

தம்பிக்கு ஒரே ஒரு சந்தேகம். "எனக்கு இருமலே இல்லையேம்மா. மூட்டை தூக்கறேன், மேடு ஏறறேன். நல்லா இருக்கிறவனுக்கு எதுக்குப் படம்?"

"நல்லா இருக்கிறப்போதான் பாக்கணும் அங்கிள். சின்னதா இருக்கிறப்போ அது சத்தமே போடாது. இருமல், ரத்தம், எடை குறையிறது எல்லாம் வர்றப்போ பல பேருக்கு லேட் ஆயிடுது. சாதாரண எக்ஸ்ரேல சின்னது தெரியாமப் போயிடும். இது சிடி ஸ்கேன். குறைஞ்ச அளவு கதிர்தான் போடுவாங்க. ஊசி கிடையாது. அஞ்சு நிமிஷ வேலை."

"அப்படின்னா எனக்கும் சேத்து எழுதிடும்மா," என்றேன். அவனைத் தனியாக அனுப்ப மனசில்லை.

"உங்களுக்கு வேண்டாம் அங்கிள். நீங்க பிடிச்சதே இல்ல. தேவையில்லாம எதுக்குக் கதிர்? ஒண்ணுமில்லாத புள்ளியக்கூட அது காட்டும், நீங்க தூங்க மாட்டீங்க. இது உங்க தம்பி மாதிரி ரொம்ப வருஷம், ரொம்ப நிறைய பிடிச்சவங்களுக்குத்தான்."

வீட்டுக்கு நடந்தோம். அவன் எனக்குப் பத்தடி பின்னால் வந்தான். தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில்தான் பக்கத்தில் வந்தான்.

"எவ்வளவு நாளாண்ணே தெரியும்?"

"முதல் நாள்லேர்ந்து. பள்ளிக்கூடத்துக் குழாயடியில நின்னு வாந்தி எடுத்தியே, அன்னிக்கு."

"அப்பவே ரெண்டு அறை விட்டிருக்கலாம்லண்ணே."

அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது குறையாகவே விழுந்தது, இன்றைக்கும் கிடக்கிறது. அவன் பயப்படாமல் அணைக்கட்டும் என்று நான் செருமினேன். அவன் பயப்படாமல் பிடிக்கட்டும் என்றும் ஆகிவிட்டதோ?

ஈப்போவுக்கு சிம்பாங் பூலாய் ரோடு வழியாக இறங்கினோம். வளைவுகளில் அவன் பிரேக்கை மிதிப்பதைப் பார்த்தாலே பயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்குப் போனவன், நான் கையில் வைத்திருந்த தேநீர் ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டான்.

"இம்புட்டுதானாண்ணே? பெரிய டோனட் மாதிரி ஒரு மிஷின். அதுக்குள்ள படுக்க வச்சாங்க. மூச்ச இழுங்க, பிடிங்கன்னு மலாய்ல ஒரு பொம்பள குரல் சொல்லிச்சு. பிடிச்சேன். விடுங்கன்னுச்சு. முடிஞ்சுபோச்சு. கொழுந்து நிறுக்கவே இதவிட நேரமாகும்."

"மூச்ச நல்லாப் பிடிச்சியா?"

"பிடிச்சேன். அந்தக் குரலு கண்டிப்பா சொல்லிச்சுண்ணே, உங்கள மாதிரி."

முடிவு வர ஒரு வாரம் ஆனது. வலது நுரையீரலின் மேல் பாகத்தில் ஒரு புள்ளி. பச்சைப் பட்டாணி அளவு. அங்கே இருந்த பெரிய டாக்டர் திரையில் காட்டினார். பழைய தழும்பாக இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம், இப்போதே கத்தி வைக்க வேண்டாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு படம், வளர்கிறதா என்று பார்ப்போம் என்றார். அதுவரைக்கும் சிகரெட் கூடாது. "படம் எடுக்கிறதால வியாதி வராம இருக்காது. நிறுத்தினாத்தான் அது," என்று அழுத்திச் சொன்னார்.

அந்த மூன்று மாதத்தைத்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன்.

மறுநாள் காலையில் நான் என் பூக்கொட்டகைக்குப் போனேன். பெக்டரியில் ஓய்வு வாங்கியபின் சரிவில் ஒரு துண்டு நிலத்தில் சாமந்தி போடுகிறேன். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வரிசையாக மஞ்சள். கதவைத் திறந்தால் தம்பி கூடவே உள்ளே வருகிறான்.

"லோரிக்குப் போகல?"

"பத்து நாள் லீவு சொல்லிட்டேன்."

"இங்க என்ன பண்ணப் போற?"

அவன் ஒரு பலகையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். "வேற எங்க போனாலும் கை பாக்கெட்டுக்குப் போகுதுண்ணே. வீட்டுல அவ இருந்தாக்கூட நிக்க மாட்டேங்குது. உங்க முன்னாடி மட்டும்தான் இதுவரைக்கும் பிடிச்சதே இல்ல. உங்க பக்கத்துல இருந்தா கை போகாது."

நான் கத்தரிக்கோலைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்படியே தினமும் வந்தான். லீவு முடிந்தபின் வேலைக்கு முன்னால் ஒரு மணி நேரம், வேலை விட்டதும் நேரே கொட்டகைக்கு. பூ வெட்ட வராது அவனுக்கு. காம்பைக் கட்டை கட்டையாக வெட்டி வைப்பான். நான் திட்டுவேன். திட்டு வாங்கிக்கொண்டே மறுபடியும் கட்டையாக வெட்டுவான். சில நாள் நெற்றி வேர்த்து, கால் ஆடிக்கொண்டே இருக்கும். "பேசுங்கண்ணே, ஏதாச்சும் பேசுங்க" என்பான். எனக்குப் பேசச் சொல்லியா தரவேண்டும்? தோட்டத்தில் எவரெவர் எப்போது என்ன சொன்னார் என்று ஐம்பது வருஷச் சரக்கை அவிழ்த்துவிடுவேன். டாக்டரம்மா முகாமில் கொடுத்த போன் எண்ணுக்கும் பேசினோம். சிகரெட் ஆசையைத் தணிக்கத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் மெல்லுவதற்கு நிகோடின் சூயிங்கமும் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அதுவும் உதவியது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு அவன் எழுந்து வெளியே போனான். கொட்டகைக்குப் பின்னால் நிற்பது பிளாஸ்டிக்கில் நிழலாகத் தெரிந்தது. நான் செரும வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். செருமாமல், நடந்து, நேரே அவன் முன்னால் போய் நின்றேன். நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை.

கையில் பற்றவைக்காத சிகரெட். அவன் அதை மறைக்கவில்லை. சின்னப் பையன் மாதிரி என் கையில் கொடுத்தான்.

"யாரு குடுத்தா?"

"பழைய சட்டையில இருந்துச்சுண்ணே."

அதைப் பிய்த்து சாமந்திப் பாத்தியில் போட்டேன். உள்ளே வந்து இருவரும் மறுபடியும் காம்பு வெட்டினோம்.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் பட்டாணி கொஞ்சம் பெருத்திருந்தது. ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அதுதான். ஆனால் அந்த ஒரு இடத்தை விட்டு எங்கும் போகவில்லை என்றார் பெரிய டாக்டர். விலாப் பக்கம் சின்னச் சின்னத் துளை போட்டு நுரையீரலில் ஒரு பாகத்தை எடுத்தார்கள். அவன் மனைவி ஆஸ்பத்திரி நாற்காலியில் என் பக்கத்தில் அன்று முழுக்க உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வெளியே வந்து "முழுசா எடுத்தாச்சு" என்றதும் என்னிடம் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க இருபத்தஞ்சுன்னு சொன்னப்ப எனக்கு உங்க மேல ஆத்திரமா வந்துச்சு மாமா. லோரி ரிப்பேர் ஆன நாள்ல நானும் எண்ணி வச்சிருக்கேன், இருபத்தி மூணுதான்." அப்போதுதான் அழுதாள்.

இப்போது அவன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீழே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறான். ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு ருசிக்காது. அது இனிமேல் எங்களோடுதான் இருக்கும். கொழுந்து மூட்டை தூக்க முடியாது. பெக்டரியில் எடைபோடும் இடத்தில் வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மேடு ஏறும்போது நடுவில் இரண்டு இடத்தில் நிற்பான். நானும் மலையைப் பார்க்கிற மாதிரி நிற்பேன்.

போன வாரம் பலாக்காய் ஒன்று கொண்டுபோனேன். தண்ணீர்த் தொட்டி மூலை வந்ததும் கால் தானாக நின்றது. தொண்டையும் தானாகச் செருமிவிட்டது.

அந்தப் பக்கம் வாளி நகரவில்லை.

"இருமாம வாங்கண்ணே," என்று அவன் குரல் வந்தது. "டாக்டரம்மா காதுல விழுந்தா, அடுத்த லெட்டர் உங்களுக்குக் குடுத்துடுவாங்க."

திரும்பினேன். வாளி மேல் உட்கார்ந்திருந்தான். மடியில் முறம், கையில் முருங்கைக்கீரை. இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.